ஆவணிக் கச்சான் காற்றில் ஃபொண்டன்ட் நிற்குமா? முற்றத்துப் பந்தலுக்கு இரண்டு அடுக்குக் கேக்

பாலையூற்றுக்காரி · செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ஆவணியில் அண்ணாவின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. கேக் என் பொறுப்பு. கீழே 10 அங்குலம், மேலே 6 அங்குலம், இரண்டும் வட்டம். மேலுக்குக் கேக் வடிவ ரிஜிஃபோம் தக்கை வைத்துவிடலாம் என்று கேட்டுப் பார்த்தேன். இரண்டும் உண்மையான கேக்காகத்தான் வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். இளம் ஊதா ஃபொண்டன்ட் (கேக்கை விரித்து மூடும் சீனி ஐசிங்), அதன் மேல் மல்லிகைப் பூ, வண்ணத்துப்பூச்சி. சடங்கு திருகோணமலையில், வீட்டு முற்றத்தில், தகரப் பந்தலில். கேக் வெட்டப் பின்னேரம் மூன்று மணி ஆகிவிடும்.

ஒத்திகையாக 8 அங்குலக் கேக் ஒன்றை மூடிப் பார்த்தேன். யூடியூபில் ஒரு வெளிநாட்டுப் பெண் சொன்ன அளவு: ஐசிங் சீனி 1 கிலோ, ஜெலட்டின் 1 மேசைக்கரண்டி, தண்ணீர் கால் கோப்பை, திரவ குளுக்கோஸ் அரைக் கோப்பை, கிளிசரின் 1 மேசைக்கரண்டி, ஷோர்ட்னிங் (கட்டியான தாவரக் கொழுப்பு) 2 மேசைக்கரண்டி. பிசையும்போது நன்றாகத்தான் இருந்தது. விரித்துத் தூக்குவதற்குள் மேல்பக்கம் காய்ந்துவிட்டது. கேக்கின் மேல்விளிம்பு சுற்றிவர வெடிப்பு, பக்கங்களில் யானைத்தோல் போலச் சுருக்கம். படம் போட்டிருக்கிறேன், சிரிக்காமல் பாருங்கள்.

குழப்பம் என்னவென்றால், தையில் இதே அளவில் செய்தபோது நேர் எதிராக நடந்தது. மேசையோடு ஒட்டிக்கொண்டு எழும்ப மாட்டேன் என்றது. பிழை அளவிலா, கையிலா?

டொரொண்டோ_திருமலையான் · செவ்வாய், இரவு 10.05

நானும் மனைவியும் இங்கே இதே அளவில்தான் செய்கிறோம், ஒரு பிரச்சினையும் இல்லை. பிசைந்தது காணாது போலிருக்கிறது. மைக்ரோவேவில் 10 செக்கன் வைத்து எடுத்துப் பிசையுங்கள், இளகிவிடும். கேக்கை முதல் நாளே பிரிட்ஜில் வைத்து இறுக்கிவிட்டு மூடுங்கள். விளிம்பு கூராக வரும்.

உப்புவெளி_அடுப்படி · புதன், காலை 5.50

டொரொண்டோத் தம்பி குறை நினைக்கக் கூடாது. அங்கே குளிரில் இறுகிப்போன ஐசிங்கை இளக்கத்தான் மைக்ரோவேவ். இங்கே அது ஏற்கெனவே இளகித்தான் இருக்கிறது. மேல்தோல் மட்டும் காய்கிறது. சூடாக்கினால் இன்னும் கெதியாகக் காயும்.

தங்கச்சி, அளவிலும் பிழை இல்லை, கையிலும் பிழை இல்லை. காற்றைப் பாருங்கள். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை நமக்குக் கச்சான். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடாகித்தான் நம் பக்கம் வந்து சேர்கிறது. கொடியில் போட்ட சேலை அரை மணித்தியாலத்தில் காயும் காற்றில், 4 மில்லிமீற்றர் ஐசிங் எந்த மூலை? ஐப்பசிக்குப் பிறகு வாடைக் காற்றும் மழையும். அப்போது சீனி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசுபிசுக்கும். ஒரே அளவை வருடம் முழுக்க வைத்துக்கொண்டால் இரண்டு பருவத்திலும் அடி விழும்.

நான் கச்சானுக்குச் செய்வது இதுதான். அதே 1 கிலோ சீனிக்குக் கிளிசரினை ஒன்றரை மேசைக்கரண்டி ஆக்குவேன், ஷோர்ட்னிங்கை மூன்று. சீனி முழுவதையும் ஒரேயடியாகக் கொட்ட மாட்டேன். 100 கிராம் அளவு ஒதுக்கி வைத்துவிட்டுப் பிசைந்து, ஒட்டினால் மட்டும் சேர்ப்பேன். பிசைந்த உருண்டைக்கு ஷோர்ட்னிங் பூசி, பொலித்தீனில் இறுக்கிச் சுற்றி, மூடியுள்ள பெட்டியில் ஓர் இரவு விட வேண்டும். பிசைந்த கையோடு விரிப்பவர்களுக்குத்தான் பாதி வெடிப்பு வருகிறது.

விரிக்கும்போது மேசைக்குச் சோள மா தூவக் கூடாது. இருக்கிற ஈரத்தையும் அது உறிஞ்சிவிடும். மாரிக்கு மா, கச்சானுக்கு ஷோர்ட்னிங். மேசையில் பூசி, ரோலிங் பின்னிலும் மெல்லிதாகத் தடவினால் போதும். யன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டு, விடிய முதல் வேலையை முடிக்கப் பாருங்கள். நாலரைக்கு எழும்பினால் ஆறரைக்குள் இரண்டு அடுக்கும் மூடிவிடலாம். பத்து மணிக்குக் கச்சான் கிளம்பும்போது கேக் பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

பட்டர்_கட்சி · புதன், காலை 8.15

எல்லோரும் எப்படி மூடுவது என்று கதைக்கிறீர்கள், ஏன் மூட வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லையே. திருமலையில் எத்தனை வீட்டுப் பிறந்தநாளுக்குப் போயிருப்போம்? பிள்ளைகள் ஃபொண்டன்டை உரித்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கேக்கைத் தின்கிறார்கள். கடைசியில் ஒரு கிலோ சீனி குப்பைக்கும் எறும்புக்கும். பட்டர் ஐசிங் அடித்து, நல்ல நொசிலால் நாலு ரோசாப்பூ போட்டால் பார்க்கவும் வடிவு, வாய்க்கும் ருசி.

கிண்ணியா_பேக்கர் · புதன், காலை 11.30

பட்டர் கட்சிக்காரரே, உங்கள் ரோசாப்பூவைத் தகரப் பந்தலுக்குக் கீழே மத்தியானத்திலிருந்து மூன்று மணி வரை நிறுத்திக் காட்டுங்கள், நானும் உங்கள் கட்சியில் சேர்கிறேன். பட்டர் 32 முதல் 35 பாகைக்குள் உருகிவிடும். ஆவணியில் நமக்கு நிழலிலேயே அவ்வளவு இருக்கும், தகரத்தின் கீழ் இன்னும் கூட. முழு ஷோர்ட்னிங்கில் அடித்தால் நிற்கும்தான். ஆனால் அண்ணத்தில் எண்ணெயாக ஒட்டும், அப்புறம் ருசி என்று பேச இடமில்லை. 2022இல் கரண்ட் 13 மணித்தியாலம் வரை நின்ற நாட்களில், பிரிட்ஜை நம்பிப் பட்டர் ஐசிங் ஓடர் எடுத்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

ஆனால் அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. வெய்யிலில் ஃபொண்டன்ட் உருகாவிட்டாலும் அதன் கீழே இருக்கும் பட்டர் உருகும். மேலே சட்டை அழகாக இருக்கும், உள்ளே ஆள் வழுக்கிக்கொண்டு போவார். அடியில் வயிறு தள்ளும். அதனால் பாலையூற்றுத் தங்கச்சி, உள்ளே பட்டர் வேண்டாம். சொக்லேட்டும் கிரீமும் சேர்த்த கனாஷ் போடுங்கள். கறுப்புச் சொக்லேட் என்றால் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு கிரீம் என்பது எல்லோரும் சொல்லும் அளவு. நம் வெய்யிலுக்கு இரண்டரைக்கு ஒன்று. வெள்ளைச் சொக்லேட் மூன்றுக்கு ஒன்று என்பார்கள். நான் நான்குக்கு ஒன்று போடுவேன். நிறை கணக்கு, கோப்பைக் கணக்கு அல்ல. கொம்பவுண்ட் சொக்லேட் போதும், அதிலுள்ள தாவரக் கொழுப்பு இந்தச் சூட்டுக்குக் கொஞ்சம் கூடத் தாக்குப்பிடிக்கும்.

கனாஷ் பூசி வெளியிலேயே ஓர் இரவு விட்டால் ஓடு போல இறுகும். விளிம்பு கூராக வருவதும் அதில்தான், பிரிட்ஜில் அல்ல. மறுநாள் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பிரஷால் ஒரு தரம் தடவிவிட்டு ஃபொண்டன்டைப் போடுங்கள். தண்ணீர் ஓடக் கூடாது, பிசுபிசுப்பு வந்தால் போதும்.

ரசாயன_வாத்தியார் · புதன், மாலை 4.20

பிரிட்ஜ் விசயத்தைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் அங்கேதான் அடிபடுகிறார்கள்.

காற்று 35 பாகையில் இருந்து, ஈரப்பதன் 50 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்று 23 பாகைக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பைத் தொட்டாலும் அதில் தண்ணீர் படியும். பிரிட்ஜிலிருந்து வரும் கேக் 5 பாகை. ஆகவே கச்சான் எவ்வளவுதான் காய்ந்த காற்று என்றாலும் கேக் வியர்க்கும். சீனி அந்தத் தண்ணீரில் கரைந்து பளபளக்கும், நிறம் ஓடும், தொட்டால் கைரேகை பதியும். குளிர்ந்த கேக்கை மூடினால் இன்னொரு கரைச்சல்: கேக் சூடாகும்போது உள்ளே அடைபட்ட காற்று விரிந்து, பக்கத்தில் கொப்புளமாகத் தள்ளும்.

ஏற்கெனவே பிரிட்ஜில் வைத்துவிட்டவர்கள், கேக்கைக் காட்போட் பெட்டியோடு வெளியே எடுத்து, பெட்டியைத் திறக்காமல் சில மணித்தியாலம் விடுங்கள். தண்ணீர் பெட்டியில் படியும், கேக்கில் அல்ல. வியர்த்துவிட்டால் துடைக்க வேண்டாம். தூரத்தில் ஃபேனைப் போட்டுவிட்டால் தானாகக் காயும்.

கிளிசரினும் குளுக்கோசும் ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். கிளிசரின் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கச்சானில் அது வரம், மாரியில் வில்லங்கம். குளுக்கோஸ், சீனி மறுபடி பளிங்காகிக் கரகரப்பதைத் தடுக்கும். இழுபடும் தன்மை ஜெலட்டினிலிருந்து வருகிறது. கிளிசரின் கூட்டிக் குறைக்கலாம், குளுக்கோசில் கை வைக்காதீர்கள்.

பாலையூற்றுக்காரி · புதன், இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. அண்ணியிடம் கனாஷ் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் இப்போது இன்னொரு பிரச்சினை. மாமி சடங்கு நாளில் சுத்த சைவம். கேக்கில் முட்டை இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம், அது எனக்குத் தெரியும். ஜெலட்டின் மாட்டெலும்பு என்று யாரோ காதில் போட்டுவிட்டார்கள். கடற்பாசி (அகர் அகர்) போட்டால் சரிவருமா? ரமழானில் பக்கத்து வீட்டிலிருந்து வரும் கடற்பாசி நன்றாக உறைந்துதானே இருக்கிறது?

கிண்ணியா_பேக்கர் · புதன், இரவு 10.00

இந்தக் கேள்வி எங்கள் பக்கம் வேறு விதமாக வரும். எங்களுக்குப் பன்றி ஆகாது, உங்கள் மாமிக்கு மாடு ஆகாது. ஜெலட்டின் இரண்டிலும் செய்கிறார்கள், மீனிலும் செய்கிறார்கள். பக்கற்றில் ஹலால் முத்திரை இருந்தால் எனக்குப் போதும், மாமிக்குப் போதாது.

மார்ஷ்மெலோவை உருக்கி 450 கிராமுக்கு 900 கிராம் சீனி போட்டுப் பிசைகிறார்களே, அதுவும் தப்பாது. மார்ஷ்மெலோவுக்குள் இருப்பதே ஜெலட்டின்தான். இதைத் தெரியாமல் சைவக் கேக் என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கடற்பாசி வேண்டாம். அது உறையும், ஆனால் இழுபடாது. தூக்கிய உடனே முறியும். ஜெலட்டினுக்குப் பதிலாக இழுபட வைக்கும் சி.எம்.சி. தூள் வாங்குங்கள், கேக் சாமான் கடைகளில் கிடைக்கும், தாவரப் பொருள். 1 கிலோ சீனிக்கு 2 முதல் 3 தேக்கரண்டி. குளுக்கோஸ், கிளிசரின், தண்ணீரைச் சூடாக்கி, ஷோர்ட்னிங்கை அதில் உருக்கி, சி.எம்.சி. கலந்த சீனியில் ஊற்றிப் பிசைந்து, அதே மாதிரி ஓர் இரவு வையுங்கள். ஜெலட்டின் அளவுக்கு இழுபடாது, ஆகவே கொஞ்சம் தடிப்பாக விரியுங்கள். கிளிசரினிலும் தாவரக் கிளிசரின் என்று போட்டதா எனப் பாருங்கள், மாமி அதையும் கேட்பார்.

பாலையூற்றுக்காரி · புதன், இரவு 10.20

கேட்டுவிட்டார் நானா.

ஓர்ஸ்ஹில்_அம்மா · வியாழன், காலை 7.30

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். மகனுக்கு ஐந்தாவது பிறந்தநாள். கோட்டைப் பக்கம் நிற்கும் புள்ளிமான் ஒன்று கேக்கின் மேல் வேண்டுமாம், கொம்போடு. மான் செய்தேன், நாலு காலில் நிற்கிறதில்லை. பல்லுக்குத்தும் குச்சி வைக்கலாமா?

உப்புவெளி_அடுப்படி · வியாழன், காலை 8.05

சின்னப் பிள்ளைகள் சாப்பிடும் கேக்கில் குச்சி கூடவே கூடாது. சமைக்காத ஸ்பகெட்டியை முறித்து வையுங்கள். வாயில் போனாலும் கடித்துவிடலாம். ஃபொண்டன்டை அப்படியே வைத்து மான் செய்தால் நிற்காது. 250 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி சி.எம்.சி. பிசைந்து, அரை மணித்தியாலம் விட்டுப் பிறகு உருவம் பிடிக்க வேண்டும். முதலில் கால்களை மட்டும் செய்து காயவிடுங்கள். உடலை மறுநாள் ஏற்றுங்கள். கொம்பு முறியத்தான் செய்யும், இரண்டு சோடி கூடச் செய்து வையுங்கள்.

எனக்கென்றால் மானைப் படுக்க வைத்துவிடுவேன். கோட்டை வாசலில் பாதி மான்கள் படுத்துத்தானே கிடக்கின்றன.

ஓர்ஸ்ஹில்_அம்மா · வியாழன், காலை 8.20

படுத்த மானுக்கு மகன் சம்மதம். பெரிய நன்றி அக்கா!

உப்புவெளி_அடுப்படி · வியாழன், காலை 9.10

பாலையூற்றுத் தங்கச்சிக்கு மூடும் முறையை விட்டுவிட்டேன். முதலில் எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு. கேக் 4 அங்குல உயரம் என்றால், 10 அங்குலத்துக்கு மேல்தட்டு 10, இரண்டு பக்கம் 4 வீதம் 8, மொத்தம் 18. இரண்டு அங்குலம் கூட்டி 20 அங்குல வட்டமாக விரியுங்கள். அதற்கு ஏறக்குறைய 1 கிலோ ஃபொண்டன்ட் போகும். 6 அங்குலத்துக்கு 16 அங்குல வட்டம், 500 கிராம். வெட்டி எடுப்பது, கைப்பிழை, பூ எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டரைக் கிலோ கையில் இருந்தால் பயமில்லை. 1 கிலோ சீனி போட்டால் 1.3 கிலோ அளவு கிடைக்கும், இரண்டு தரம் பிசைந்தால் சரி.

தடிப்பு 3 முதல் 4 மில்லிமீற்றர். மெல்லிதாக இருந்தால் கனாஷின் கறுப்பு தெரியும், பாரத்தில் கிழியும். உங்களுடையது சி.எம்.சி. என்பதால் 4க்கு மேலேயே வையுங்கள். விரிக்கும்போது ஒவ்வொரு உருட்டலுக்கும் கால்வட்டம் திருப்ப வேண்டும், புரட்டக் கூடாது.

தூக்கிப் போட்டதும் எல்லோரும் ஓடிப்போய்ப் பக்கத்தைப் பிடிப்பார்கள். வேண்டாம். முதலில் மேல்தட்டை நடுவிலிருந்து வெளியே உள்ளங்கையால் தடவி, காற்றை வெளியேற்றுங்கள். உடனே மேல்விளிம்பு, சுற்றிவர, கையை வளைத்து அணைத்தபடி. பாரம் முழுவதும் தொங்கும் இடம் அதுதான், தாமதித்தால் அங்கேதான் வெடிக்கும். அப்புறம் பக்கம். மடிப்பு விழும் இடத்தில் கீழ் ஓரத்தை இடது கையால் வெளியே விரித்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மேலிருந்து கீழே ஒட்டிக்கொண்டு வாருங்கள். மடிப்பை அமத்தினால் கோடு விழும், விரித்துவிட்டால் அது தானாக இல்லாமல் போகும். அடிவரை வந்த பிறகுதான் மிச்சத்தை வெட்ட வேண்டும். வெட்டும்போது ஓர் அரை அங்குலம் விட்டு வெட்டி, மட்டமாக்கும் ஸ்மூதரால் ஒரு சுற்றுத் தேய்த்து, பிறகு ஒட்ட வெட்டுங்கள். முதலிலேயே ஒட்ட வெட்டினால் ஐசிங் சுருங்கி அடியில் கேக் எட்டிப் பார்க்கும்.

காற்றுக் கொப்புளம் தெரிந்தால் மெல்லிய ஊசியைச் சரிவாகக் குத்தி, தடவிவிடுங்கள். குத்திய ஊசியை உடனே டப்பாவில் போட்டு மூடுங்கள், மேசையில் வைக்காதீர்கள். சின்ன வெடிப்புக்கு ஷோர்ட்னிங் தொட்ட விரலால் வட்டமாகத் தேய்த்தால் மூடிவிடும். பெரிய வெடிப்புக்குப் பூ இருக்கவே இருக்கிறது.

பட்டர்_கட்சி · வியாழன், மாலை 6.30

வெடிப்புக்குப் பூவா? ஊரில் பல கேக்குகளில் பூ ஏன் ஒரு பக்கமாகவே இருக்கிறது என்று இப்போது விளங்குகிறது.

சரி, ஒன்று ஒத்துக்கொள்கிறேன். அந்தக் காலத்துக் கலியாண ரிச் கேக்கில் இந்தப் பிளாஸ்டிக் ஐசிங்கை, அதுதான் இந்த ஃபொண்டன்டை, நான் உரித்ததே இல்லை. இப்போதுதான் உரிக்கிறேன். ஏன்?

உப்புவெளி_அடுப்படி · வியாழன், இரவு 7.45

ஏனென்றால் அதற்கும் கேக்குக்கும் நடுவில் கஜு இருந்தது. அரைத்த கஜு ஒரு பங்கு, ஐசிங் சீனி இரண்டு பங்கு, முட்டை வெள்ளை, கொஞ்சம் ஆமண்ட் எசன்ஸ், ரோஸ் எசன்ஸ். ரிச் கேக்குக்கு மேல் ஜாம் தடவி, கஜுப் பேஸ்ட்டை விரித்து மூடி, அது காய்ந்த பிறகு மெல்லிய பிளாஸ்டிக் ஐசிங். நீங்கள் ருசித்தது கஜுவை. பூசணித் தோசியும் (சீனிப்பாகில் ஊறிய துண்டுகள்) இஞ்சித் தோசியும் பிராண்டியும் ஊறிய கேக்கின் எண்ணெய் வெளியே கசிந்து வெள்ளை ஐசிங்கை மஞ்சளாக்காமல் தடுத்ததும் அதுதான். இப்போது கஜு விற்கும் விலையில் அந்தத் தட்டை எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஸ்பொஞ்ச் மேல் வெறும் சீனியைப் போர்த்தினால் பிள்ளைகள் உரிக்காமல் என்ன செய்வார்கள்? பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன்.

ஃபொண்டன்ட் வேண்டாம் என்பதல்ல, அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாலையூற்றுத் தங்கச்சியின் கேக்கில் கனாஷ் இருக்கிறது, அது போதும்.

ரசாயன_வாத்தியார் · வியாழன், இரவு 8.30

ஊதா நிறத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. ஊதாவில் சிவப்பும் நீலமும் கலந்திருக்கும். வெளிச்சம் பட்டால் சிவப்புச் சாயம் முதலில் வெளிறும், மிஞ்சுவது சாம்பல் நீலம். சடங்குக்குக் காலையில் ஊதாவாக வைத்த கேக் பின்னேரம் நீலமாக நிற்கும். திரவ நிறம் வேண்டாம், ஐசிங்கை நெகிழ்த்திவிடும். ஜெல் நிறம் பாவியுங்கள். நினைத்ததைவிட ஒரு படி ரோசாச் சாயலாகக் கலந்து, பொலித்தீனில் சுற்றி, இருட்டில் ஓர் இரவு வைத்துப் பாருங்கள், நிறம் இன்னும் கொஞ்சம் ஏறும். முழுதையும் ஒரே தடவையில் கலந்துவிடுங்கள். பாதி தீர்ந்த பிறகு அதே ஊதாவை மறுபடி பிடிக்க முடியாது.

கிண்ணியா_பேக்கர் · வெள்ளி, பிற்பகல் 2.40

கொண்டு போகிற விசயம். பெரிய கேக்குகளை நான் இன்றைக்கும் அடுக்கிக் கொண்டு போவதில்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் முன்பு பாதையில் (மிதவைப் படகில்) ஏற்றித்தான் டவுனுக்குக் கேக் போக வேண்டும். அந்தப் பழக்கம் விடவில்லை. ஒவ்வோர் அடுக்கும் தனிப் பெட்டி, அடியில் வழுக்காத ரப்பர் பாய். ஓட்டோவில் மடியில் வைக்காதீர்கள். மடி சரிவு, சூடு வேறு. காலடியில் தட்டையாக வையுங்கள், ஓட்டுகிறவரிடம் முதலே சொல்லிவிடுங்கள்.

அடுக்குவதற்கு: 6 அங்குலக் கேக் அதே அளவு மெல்லிய அட்டையில் இருக்க வேண்டும். கீழ்க்கேக்கின் நடுவில் 6 அங்குல வட்டத்தை ஊசியால் குறித்து, அதற்குள் நாலைந்து மரக்குச்சிகளை இறக்குங்கள். முதல் குச்சியை இறக்கி, மட்டத்தில் குறித்து வெளியே எடுத்து, மற்றதையும் அதே உயரத்துக்கு வெட்டுங்கள். ஒவ்வொன்றாக இறக்கி அளந்தால் உயரம் மாறி மேல்கேக் சரியும். பாரத்தைக் குச்சி தாங்க வேண்டும், கேக் தாங்கக் கூடாது. பூச்சுற்றிய கம்பிகளை நேராகக் கேக்கில் குத்த வேண்டாம், ஸ்ட்ரோ துண்டை இறக்கி அதற்குள் செருகுங்கள்.

எறும்பை மறந்துவிடாதீர்கள். முற்றத்தில் மேசை என்றால் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள்.

டொரொண்டோ_திருமலையான் · வெள்ளி, இரவு 11.50

மைக்ரோவேவ் யோசனையை மீளப் பெறுகிறேன். ஆனால் வண்ணத்துப்பூச்சிக்கு ஒரு வழி சொல்கிறேன், இது எந்த ஊர்க் காற்றுக்கும் பொருந்தும். காட்போட் துண்டை நடுவில் மடித்து வி வடிவில் நிறுத்தி, வெட்டிய பூச்சியை அதன் பள்ளத்தில் வைத்துக் காயவிடுங்கள். செட்டை இரண்டும் பறக்கும் சாயலில் நிமிர்ந்து நிற்கும். தட்டையாகக் காயவிட்டால் ஸ்டிக்கர் ஒட்டிய மாதிரி கிடக்கும்.

உப்புவெளி_அடுப்படி · சனி, காலை 6.00

நல்ல யோசனை தம்பி. கச்சானுக்கு இதில் மட்டும் நன்றி சொல்லலாம். மாரியில் நாட்கணக்கில் இழுபடும் பூவும் பூச்சியும் இப்போது ஓர் இரவில் காய்ந்துவிடும். சடங்குக்கு ஒரு கிழமை முன்பே செய்து, காற்றுப் போகும் காட்போட் பெட்டியில் வைக்கலாம். பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தால் நெகிழ்ந்துவிடும்.

பாலையூற்றுக்காரி · ஞாயிறு, இரவு 8.30

சில கிழமைக்குப் பிறகு வருகிறேன், சடங்கு முடிந்தது. படங்கள் கீழே.

விடிய ஐந்துக்குத் தொடங்கி ஏழுக்கு முதல் இரண்டையும் மூடிவிட்டேன். யானைத்தோல் இல்லை. கீழ் அடுக்கில் பின்பக்கம் ஒரு சின்ன வெடிப்பு, மல்லிகைச் சரம் அந்த வழியாக இறங்கியது. பட்டர் கட்சிக்காரர் சிரிக்க வேண்டாம். மூன்று மணிக்கு வெட்டும்வரை கனாஷ் அசையவில்லை. நிறம் மட்டும் பந்தலின் வெளிப்பக்கம் பார்த்த இடத்தில் கொஞ்சம் நீலம் தட்டியது, வாத்தியார் சொன்னபடியே. மாமி இரண்டு துண்டு சாப்பிட்டார். பிள்ளைகள் சிலர் உரித்தார்கள், வண்ணத்துப்பூச்சிக்கு மட்டும் சண்டை.

ஒரு கிலோவுக்குக் கிட்ட ஃபொண்டன்ட் மிச்சம் இருக்கிறது. பிரிட்ஜில் வைக்கவா?

உப்புவெளி_அடுப்படி · ஞாயிறு, இரவு 9.00

வடிவாக வந்திருக்கிறது தங்கச்சி. மேல்விளிம்பு சுத்தமாக இருக்கிறது.

பிரிட்ஜ் வேண்டாம். ஷோர்ட்னிங் பூசி, பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, காற்றுப் போகாத டப்பாவில் அலுமாரிக்குள் வையுங்கள். சில கிழமைகள் இருக்கும். கேக் துகள் ஒட்டிய துண்டுகளை மட்டும் பிரித்து எறியுங்கள், அதில்தான் பூஞ்சணம் பிடிக்கும். மறுபடி எடுக்கும்போது இறுகியிருந்தால் சில துளி கிளிசரின் விட்டுப் பிசையுங்கள்.

பட்டர்_கட்சி · ஞாயிறு, இரவு 9.20

கேக் மிச்சம் இல்லையா?

பாலையூற்றுக்காரி · ஞாயிறு, இரவு 9.25

நாலு துண்டு இருக்கிறது. ஃபொண்டன்டோடுதான் தருவேன்.